அனீசியா வீட்டு மிச்சப் பனிக்கட்டி

எங்கள் ஊருக்கே சூடு கொடுத்தவள் அனீசியா. செப்டம்பர் கடைசியில் கொதிகலன் நிலையத்துக்குள் போனால் மே மாதம்தான் முழுசாக வெளியே வருவாள். மைனஸ் ஐம்பதில் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், தெருவில் உள்ள குழாயெல்லாம் வெடித்துவிடும். ஊர்த்தலைவர் உள்பட அத்தனை பேரும் குதிரைத் தோலைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவள் கண்ணயர்ந்ததில்லை. இப்படி நெருப்போடு வாழ்ந்த மனுஷிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை இருந்தது. அது பனிக்கட்டி.

லேனா ஆற்றுக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில் குடிதண்ணீர் என்றால் ஏரிப் பனிக்கட்டிதான். நவம்பரில் ஏரி உறைந்ததும் ரம்பத்தால் அறுத்து, வண்டியில் ஏற்றி, முற்றத்தில் வரிசையாக நிமிர்த்தி வைப்போம். யார் வீட்டுக் கட்டி எத்தனை தெளிவு என்பதை வைத்துத்தான் பெண் எடுப்பது, பெண் கொடுப்பது எல்லாம் ஒரு காலத்தில் நடந்தது. இப்போது அப்படி இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டு முற்றத்தை எட்டிப் பார்ப்பார்கள். அனீசியாவின் கட்டிக்கு அந்தப் பக்கம் செய்தித்தாளை வைத்து இந்தப் பக்கம் நின்று படிக்கலாம். அதோடு, தேவைக்கு இருமடங்கு வெட்டுவாள். பனிக்கட்டி தீர்ந்துபோன வீடு என்ற பெயர் தன் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் அவள் காட்டிய பயம், கொதிகலன் அணைந்துவிடும் என்ற பயத்தைவிடப் பெரியது.

அடுத்த வீட்டுக்காரி வார்வராவின் கட்டியில் பாசி இருக்கும்.

"வார்வரா வீட்டு டீயில மீன் நீந்துது, பாத்துக் குடிங்க வாத்தியாரே" என்பாள் அனீசியா. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன். இரண்டு வீட்டு டீயும் குடிப்பேன். இரண்டும் ஒன்றுதான். அதை இரண்டு வீட்டிலும் சொன்னதில்லை.

அனீசியாவின் கணவன் மகார் டிராக்டர் ஓட்டியவன். அவன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்கு அவன் விட்டுப்போனவை இரண்டு: வீடு ஒன்று, வீட்டை ஒட்டி உறைந்த மண்ணுக்குள் கடப்பாரையால் குடைந்த நிலவறை ஒன்று. இறைச்சி, மீன், பனிக்கட்டி எல்லாம் கோடை முழுக்க அதற்குள் கல் மாதிரி இருக்கும். வீட்டுத் தரையில் மட்டும் ஒரு குறை. உருளைக்கிழங்கு கை தவறினால் உருண்டு உருண்டு எப்போதும் அதே சமையலறை மூலைக்குப் போய் நிற்கும்.

"மகார் போட்ட தரை. போடுறப்போ குடிச்சிருந்தான்" என்பாள் அனீசியா, வந்தவர்களிடமெல்லாம். செத்தவன் மறுத்துப் பேசவில்லை.

எங்கள் ஊர் மண்ணுக்குக் கீழே இருப்பது பாதி மண், பாதி பனிக்கட்டி. சில வருஷங்களாக அது கீழே உருகி வருகிறது. பள்ளிக்கூட மைதானம் ரொட்டிகளை அடுக்கியது போல் முதுகு முதுகாகப் புடைத்துவிட்டது. பையன்கள் பந்தை ஒரு பக்கம் உதைத்துவிட்டு இன்னொரு பக்கம் ஓடப் பழகிக்கொண்டார்கள். வார்வராவின் வீட்டுக் கதவு கோடையில் மூடாது, குளிரில் திறக்காது. அதனால் ஊர்த்தலைவர் பைன் மரங்கள் நிற்கும் மணல்மேட்டில் மனை பிரித்துக் கொடுத்தார். மணலில் பனிக்கட்டி இல்லை, உருகுவதற்கு எதுவுமில்லை. கடைசியில் ஒரே ஒரு மனைதான் மிஞ்சியது. அனீசியா, வார்வரா இருவரில் யார் வீட்டு நிலம் உருகுகிறதோ அவர்களுக்கு அது. எப்படித் தெரிந்துகொள்வது? நிலத்தைத் துளைத்துப் பார்க்கும் எந்திரம் நகரத்திலிருந்து வரும் என்றார்கள். அது வருவதற்குள் நிலமே நகரத்துக்குப் போய்விடும் என்று நான் சொன்னதை ஊர்த்தலைவர் ரசிக்கவில்லை.

அனீசியாவுக்குப் போக விருப்பமில்லை. மகாரின் நிலவறையை மணல்மேட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. ஆனால் தன் நிலம் கெட்டியானதுதான் என்று யாராவது வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது. அவ்வளவு தைரியசாலி.

அந்த செப்டம்பரில்தான் எரெல் வந்தான். எங்கள் ஊரில் பிறந்து, யாகூத்ஸ்க் நகரத்தில் மரங்களைத் துளைத்துச் சம்பளம் வாங்குகிறவன். நாற்பது தாண்டிவிட்டது, தாடியில் நரை. அனீசியா வீட்டு மேஜையில் அப்பமும் பாலாடையும் தின்றபடி தன் வேலையை அவளுக்கு விளக்கினான்.

"லார்ச் மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும்க்கா. அந்த வருஷம் வேர் என்ன தண்ணி குடிச்சுதோ, அதோட ஆக்சிஜன் அந்த வளையத்துல இருக்கும்."

"ஆக்சிஜன்னா ஆக்சிஜன். அதுல என்ன இருக்கு?"

"கனமானது, லேசானதுன்னு ரெண்டு வகை இருக்கு. கோடை மழையில கனமானது கொஞ்சம் ஜாஸ்தி. குளிர்காலப் பனியில கம்மி. நம்ம மண்ணுக்கு அடியில கெடக்குற ஐஸ், மாமூத் யானை திரிஞ்ச காலத்துப் பனி. அதுல ரொம்ப ரொம்பக் கம்மி. மழை இல்லாத கோடையில வேர் என்ன செய்யும்? அடியில உருகுற அந்தப் பழைய தண்ணிய இழுக்கும். வளையம் லேசாயிடும்."

"அப்போ மரத்தப் பாத்தே கீழ உருகுதா இல்லையான்னு சொல்லிடுவியா?"

"சொல்லிடலாம். மரம் தான் குடிச்சத மறைக்காதுக்கா."

"மகாரவிட ஒழுங்குன்னு சொல்லு" என்றாள் அனீசியா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "என் மரத்தக் கேட்டுச் சொல்றியாடா?"

அவள் இடத்தில் லார்ச் மரம் இரண்டு. ஒன்று முற்றத்தில், சமையலறை ஜன்னலுக்கு எதிரே, கொழுகொழுவென்று. இன்னொன்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், ஒல்லியாக. ஒல்லி மரத்தின் கிளைகளில் வண்ணத் துணிகளும் குதிரை மயிரும் கட்டியிருக்கும். அந்த இடத்துக்குக் காவலான பெண்தெய்வம் அதில் இருக்கிறாள். அப்படிப்பட்ட மரத்தில் எங்கள் ஆட்கள் இரும்பு வைக்க மாட்டார்கள். எரெல் பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறவன், விமானத்தில் போய் வெளிநாட்டில் பேசுகிறவன். துணி கட்டிய மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு, நேராக முற்றத்து மரத்துக்கு வந்து துளைக்கருவியைத் திருகினான். ஒரு மரத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லும் மாணவனை அவனே வெளியே அனுப்பியிருப்பான். அன்று அது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பென்சில் கனத்தில் ஒரு மரக்குச்சியோடு நகரத்துக்குத் திரும்பினான்.

பிப்ரவரியில் தொலைபேசியில் கூப்பிட்டான். குரலில் உற்சாகம்.

"அக்கா, உங்க மரம் உருகுன ஐஸ்ஸத் தொடவே இல்ல. வளையம் பூரா கனம். மழையவிடக் கனமா இருக்கு! நான் இப்படிப் பாத்ததே இல்ல."

மழையைவிடக் கனம் எப்படி வரும்? எரெல் அதற்கும் காரணம் வைத்திருந்தான்: காற்று வறண்டதால் இலையிலிருந்து லேசான தண்ணீர் முதலில் பறந்துவிடுகிறதாம், கனமானது தங்கிவிடுகிறதாம். கேட்க நன்றாக இருந்தது. படித்தவனுக்கு விளக்கத்துக்குப் பஞ்சமே வராது. நானும் படித்தவன், உடனே ஒப்புக்கொண்டேன்.

ஊர்க்கூட்டத்தில் அனீசியா எழுந்து நின்றாள். "எனக்கு மணல்மேடு வேணாம். என் மரம் சொல்லிடுச்சு. மனைய வார்வராவுக்கே குடுங்க, பாவம், கதவு சாத்த முடியாம கஷ்டப்படுறா."

"மரம் பேச்சக் கேக்குறா பாரு. புருஷன் பேச்ச ஒரு நாளாவது கேட்டிருப்பாளா?" என்றாள் வார்வரா. ஆனால் மனையை வாங்கிக்கொண்டாள்.

அனீசியாவுக்கு அன்றிலிருந்து நல்ல தூக்கம்.

மே மாதத்தில் ஒரு நாள், அவளிடம் இரவல் வாங்கிய சறுக்குவண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். முற்றத்தில் சேறு. அனீசியா இரும்புக் கொக்கியால் ஒரு பனிக்கட்டியை இழுத்துக்கொண்டு போனாள். லார்ச் மரத்தைச் சுற்றி, வேர்களின் மேல், ஏற்கெனவே இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தாள். வெயிலில் அவை சொட்டிக்கொண்டிருந்தன. சொட்டியதெல்லாம் மரத்தடி மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"பாத்தா தெரியல? மிச்ச ஐஸ். நிலவறை நெறைஞ்சிடுச்சு. இது அங்க எடம் கொள்ளாதது."

"அத ஏன் மரத்தடியில வைக்கிறீங்க?"

"பின்ன எங்க வைக்கிறது? சாக்கடையிலயா? குடிக்கிற ஐஸ் வாத்தியாரே! நாலு பேர் மிதிக்கிற எடத்துல கொட்டுவாங்களா?"

"எப்போலருந்து இப்படி வைக்கிறீங்க?"

"கல்யாணம் ஆகி வந்த வருஷத்துலருந்து. ஏன், மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

பக்கத்திலிருந்த கட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அய்யய்யோ, அதுமேல உக்காராதீங்க, மரம் குடிக்கணும்!"

எங்கள் ஏரிக்கு ஆறு கிடையாது, ஓடை கிடையாது. கோடை முழுக்க வெயிலில் வற்றுகிறது. வற்றும்போது லேசான தண்ணீர் முதலில் ஆவியாகிப் போகும். கனமானது ஏரியில் தங்கும். இது ஒன்பதாம் வகுப்புப் பாடம். நானே நடத்துகிறேன். அந்தக் கனமான தண்ணீரை வெட்டி எடுத்து, வசந்தம் தோறும், மரம் விழித்து முதல் வாய் குடிக்கும் நேரம் பார்த்து, அதன் காலடியில் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறாள். மரம் சொன்னது நிலத்தைப் பற்றியே இல்லை. அனீசியாவின் பெருமையைப் பற்றி.

எரெலைக் கூப்பிட்டேன். அனீசியா கேட்கும்படி சத்தமாக வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

"லைன் போயிடுச்சா?" என்றாள் அனீசியா.

"லைன் இருக்குக்கா. நான்தான் போயிட்டேன்" என்றான் எரெல். பிறகு, "ஏங்க்கா சொல்லவே இல்ல?"

"நீ கேட்டியா? மரத்தக் கேக்குறேன்னுதான சொன்ன. என்னையா கேட்ட?"

அதற்கு அவனிடம் விளக்கம் இல்லை. நான் அறிந்து முதல் முறையாக.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கொக்கியைக் கீழே வைத்தாள். "அப்போ கீழ உருகலன்னு நீ சொன்னது?"

"தெரியாதுக்கா. உங்க மரத்த வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது."

"மனையக் குடுத்துட்டேனேடா."

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எரெல் ஜூன் மாதம் பாதை காய்ந்ததும் வந்து சேர்ந்தான். மிஞ்சியிருந்த ஒரே சாட்சி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்ற ஒல்லி மரம். அதற்கு யாரும் பனிக்கட்டி வைத்ததில்லை. சாமி குடிக்க, குதிரைப்பாலைப் புளிக்கவைத்த கூமிஸ் தெளிப்பதோடு சரி. எரெல் துளைக்கருவியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றான். எடுக்கச் சொன்னவள் அனீசியாதான். அப்பம் ஒன்றை வெண்ணெய் தடவிப் பிய்த்து வேரடியில் வைத்தாள். கூமிஸை மூன்று பக்கமும் தெளித்தாள். தட்டுத் தடுமாறிப் பேசினாள்.

"இரும்பு வைக்கப் போறோம். கோவிச்சுக்காத. சின்ன ஊசிதான், டாக்டர் போடுற மாதிரி. என் தப்புக்கு உன்னைக் குத்துறோம்."

"அக்கா, டாக்டர்னா நான் அந்த டாக்டர் இல்ல" என்றான் எரெல். கருவி மரத்துக்குள் போகும்போது மூவருமே மூச்சை அடக்கிக்கொண்டோம். மரம் ஒன்றும் சொல்லவில்லை.

"எப்போ தெரியும்?"

"இலையுதிர்காலம் ஆயிடும்."

"அதுவரைக்கும் நான் எங்க படுக்கிறது?"

எரெல் நிலவறையின் கதவைப் பார்த்தான். "உள்ள பாக்கலாமா?"

"பாரு. நான் தினமும் போய் வர்ற எடம்தான். கல்லு மாதிரி இருக்கு."

இருந்தது. ஏணியில் இறங்கினால் உறைந்த வாத்துகள், குதிரைத் தொடை, மீன், அதன் பின்னால் கூரை வரை பனிக்கட்டி. தரை மட்டும் லேசாகப் பிசுபிசுத்தது. "கோடைன்னா வேர்க்கத்தானே செய்யும்" என்றாள் அனீசியா. எரெல் பின்சுவரைப் பார்க்க வேண்டும் என்றான். அதற்குப் பனிக்கட்டியை எடுக்க வேண்டும். முன் வரிசைகளை எடுத்தோம். கடைசி வரிசை நிறம் மாறி, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. ஒரு கோடையிலும் அவள் அதுவரை வந்ததில்லை. எப்போதும் மிச்சம் இருந்ததால், கடைசி வரிசை மகார் அடுக்கிவைத்தபடியே நின்றிருக்கிறது.

எரெல் கொக்கியை மாட்டி ஒரு கட்டியை இழுத்தான். அது எங்கள் பக்கம் வரவில்லை. அந்தப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. விழுந்த சத்தம் கொஞ்சம் கழித்துக் கீழேயிருந்து கேட்டது. தண்ணீரில் விழுந்த சத்தம்.

பின்சுவர் இல்லை.

அனீசியா கைவிளக்கை நீட்டினாள். முன்னால் ஒரு குகை. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் பழைய பனிக்கட்டி, பளபளவென்று, அழுகிறமாதிரி வழிந்துகொண்டிருந்தது. கீழே கறுப்புத் தண்ணீர். மேலேயிருந்து வேர்கள் தொங்கின. பல்லாயிரம் வருஷம் மூடிக்கிடந்த சேற்றின் நாற்றம், செத்த மிருகத்தின் நாற்றம் போல, முகத்தில் அடித்தது.

அப்போது குகைக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. தெளிவான குரல். நாளை தெற்குக் காற்று வீசும், மழைக்கு வாய்ப்பில்லை என்றது.

எரெல் ஏணியைப் பிடித்துவிட்டான்.

"என் ரேடியோ" என்றாள் அனீசியா. "சமையக்கட்டுல அணைக்காம வந்துட்டேன்."

குகை சமையலறைக்கு அடியில் போயிருந்தது. அவள் தினமும் நின்று மாவு பிசைகிற இடத்துக்கும் அந்தக் கறுப்புத் தண்ணீருக்கும் நடுவே ரேடியோ சத்தம் புகுந்து வருகிற அளவு மண்தான் இருந்தது.

அவள் விளக்கை மேலே தூக்கி சமையலறை மூலை இருக்கும் இடத்தையே பார்த்தாள். "உருளைக்கிழங்கு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "உருளைக்கிழங்கு உருண்டு போகுமே வாத்தியாரே. அந்த மூலைக்கு." பிறகு நிலவறைத் தரையில், வாத்துகளுக்குப் பக்கத்தில், சரிந்து உட்கார்ந்தாள். "அவன் குடிக்கல. தரைய நேராத்தான் போட்டிருக்கான். ஊரு பூரா சொன்னேனே... அவன் குடிக்கவே இல்ல."

வீட்டுக்குள் யாரும் போகவில்லை. ரேடியோவை அணைக்கக்கூடப் போகவில்லை. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அனீசியா கொதிகலன் நிலையத்தில் பாயை விரித்தாள். கோடையில் நெருப்பு இருக்காது. ஊருக்கே சூடு கொடுக்கிற இடம் ஜில்லென்று கிடந்தது. மணல்மேட்டில் மனை இல்லை என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டார். மணல்மேடு அதோடு முடிகிறது, அதற்குமேல் காடும் சதுப்பும். வீடு போனால் அவளுக்கு நகரத்தில் அடுக்குமாடி அறை ஒன்று கிடைக்கலாம் என்றார். குழாயில் தண்ணீர் வரும் நகரம். அவள் அதைக் கேட்டு ஊர்த்தலைவரைப் பார்த்த பார்வையில் அவர் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மறுநாள் வார்வரா வந்தாள். நிலையத்து வாசலில் நின்றுகொண்டே பேசினாள். உள்ளே வரவில்லை.

"என்னடி, மரம் இப்போ என்ன சொல்லுது?"

"வந்துட்டியா சிரிக்க? சிரி."

"சிரிக்கத்தான் வந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா வரல." மூக்கை உறிஞ்சினாள். "என் மனை நீளம். நான் ஒருத்தி, எனக்கு எதுக்கு அவ்வளவு? உன் வீட்டுக் கட்டைங்களப் பிரிச்சு எடுத்துட்டு வா."

அனீசியா பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "உன் பக்கத்துலயா?"

"இத்தன வருஷமா எங்க இருந்த?"

"உன் ஐஸ்ஸ நான் குடிக்க மாட்டேன்."

"குடிக்காத. நான் உன்னதைக் குடிக்கிறேன்."

வார்வரா தோற்று நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். வேண்டுமென்றே தோற்றாள்.

மரவீட்டைப் பிரித்து மாற்றுவது எங்களுக்குப் பழகிய வேலை. கட்டைகளுக்குச் சுண்ணக்கட்டியால் குறி போட்டு, பிரித்து, டிராக்டரில் ஏற்றி, அதே வரிசையில் அடுக்க வேண்டும். பாதி ஊர் வந்தது. சமையலறைத் தரையைப் பிரிக்கும்போது மட்டும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றோம். செங்கல் அடுப்பை விட்டுவிட்டோம், நேரமில்லை. ஆகஸ்டில் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அடுப்பு இல்லை. அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு குளம். அதில் முற்றத்து லார்ச் மரத்தின் நிழல், தலைகீழாக, சாய்ந்து தெரிந்தது. வார்வரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அனீசியா அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டே, தன் வழக்கமான இடத்தில் நிற்பதுபோல, கைகளை மாவு பிசையும் உயரத்தில் வைத்திருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை.

மணல்மேட்டில் தரை போட்டு முடித்த அன்று அனீசியா எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு ஒன்றை நடுத்தரையில் வைத்தாள். பழைய பலகைகள், மகார் இழைத்தவை, அதே வரிசை. உருளைக்கிழங்கு வைத்த இடத்திலேயே நின்றது. அவள் காலால் அதைத் தள்ளிப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. அன்றைக்கு அவள் யாருக்கும் டீ போடவில்லை. வார்வராதான் போட்டாள்.

ஒல்லி மரத்தின் ஆய்வு முடிவு அக்டோபரில் வந்தது. எரெல் தொலைபேசியில் உற்சாகம் இல்லாமல் படித்தான். வளையங்கள் வருஷத்துக்கு வருஷம் லேசாகிக்கொண்டே வந்திருக்கின்றன. மழை குறைந்த கோடைகளில் ரொம்ப லேசு. மாமூத் காலத்துத் தண்ணீரைத்தான் அது குடித்துக்கொண்டிருந்தது. துணி கட்டிய மரம் இத்தனை காலமும் உண்மையைச் சொல்லியிருக்கிறது. அது சாமி மரம் என்பதால் நாங்கள் கேட்கவில்லை. முற்றத்து மரத்தைப் பற்றி எழுதிய கட்டுரையை எரெல் கிழித்துப் போட்டான். இப்போது ஒவ்வொரு ஊரிலும் மரத்தைத் துளைப்பதற்கு முன், அந்த வீட்டுக்காரம்மா மிச்சத் தண்ணீரை எங்கே கொட்டுகிறாள் என்று கேட்கிறானாம். சில இடத்தில் அடி விழப் பார்த்ததாம்.

நவம்பரில் இருவரும் சேர்ந்தே ஏரிக்குப் போனார்கள். அனீசியா வழக்கம்போல் இருமடங்கு வெட்டினாள். வார்வராவுக்கும் சேர்த்து இருமடங்கு. மே மாதம் வந்தது. மணல்மேட்டில் நிலவறை இல்லை, கொள்ளாதது ஏராளம். நான் போனபோது அனீசியா கொக்கியோடு பைன் மரத்தடியில் நின்றிருந்தாள், கட்டிகளை அடுக்கி முடித்துவிட்டு.

"மறுபடியுமா!" என்று அலறிவிட்டேன்.

"பின்ன, குடிக்கிற ஐஸ்ஸ மிதிக்கிற எடத்துலயா கொட்டுவாங்க?" என்றாள். "சும்மா கத்தாதீங்க. அந்தப் பக்கம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். மரத்தில் ஒரு பலகை, ஆணி அடிக்காமல், குதிரைமயிர்க் கயிற்றால் கட்டியிருந்தது. அதில் சுண்ணக்கட்டியால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்:

இந்த மரத்தை யாரும் எதுவும் கேட்க வேண்டாம். இது குடிப்பது ஏரித் தண்ணீர். அனீசியாவைக் கேட்கவும்.